அடுத்த கேள்வி வரும்வரை தோல்வி இல்லை

85-ஆவது கேள்விக்கு விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அடுத்ததற்குப் போகும் பொத்தானை அழுத்துகிறார் ஓர் இளம் செவிலியர். தேர்வு முடியவில்லை. 86-ஆவது கேள்வி வந்து நிற்கிறது. அமெரிக்காவில் செவிலியராகப் பணிபுரிய உரிமம் தரும் 'என்க்ளெக்ஸ்' தேர்வை எழுதுகிறவர்கள் அஞ்சும் நொடி இது. '85-இல் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. அவ்வளவுதான், போய்விட்டது' என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் கேள்விகளைக் கண் படிக்கிறது, மனம் படிப்பதில்லை.

சேலத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவே, பாக்குத் தோப்புகளும் மரவள்ளிக் காடுகளும் சூழ்ந்த வாழப்பாடியிலும் இப்படிப்பட்ட தேர்வுகளுக்குத் தயாராகும் வீடுகள் இருக்கின்றன. சேலத்தில் நர்சிங் முடித்த பெண்ணுக்கு என்க்ளெக்ஸ். பொறியியல் முடித்து மேற்படிப்புக்கு வெளிநாடு போக நினைக்கும் பையனுக்கு ஜி.ஆர்.இ. மேலாண்மைப் படிப்புக்கு ஜிமேட். பள்ளி முடித்ததும் அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு சாட். பெயர்கள் வேறு, நோக்கம் வேறு. ஆனால், நான்குக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: தேர்வர் எப்படி விடை எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டே, அடுத்து அவருக்கு எதைக் கொடுப்பது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. 'அடாப்டிவ் டெஸ்ட்' என்று சொல்லப்படும், ஆளுக்கேற்ப மாறும் தேர்வு இதுதான்.

இந்தத் தேர்வுகளில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்குப் பாடம் தெரியாதது மட்டும் காரணமாக இருப்பதில்லை. கேள்வி கடினமாகும்போது 'நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்' என்று அர்த்தம் செய்துகொள்ள நாமே அவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பழக்கியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தைப் பள்ளியிலேயே மாற்ற முடியும். மாற்றியாக வேண்டும்.

தேர்வரை அளந்துகொண்டே நகரும் தேர்வு

இந்த முறையின் வேர் கணினிக்கு முந்தையது. பாரிஸில் 1905-இல் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்க ஒரு சோதனையை உருவாக்கினார். பின்னர் அது வயது வாரியாக வரிசைப்படுத்தப்பட்டது. குழந்தை செய்து முடித்தால் மேலே உள்ள படிக்குப் போவார்கள். முடியாவிட்டால் கீழே இறங்குவார்கள். எந்தப் படியில் குழந்தை தடுமாறத் தொடங்குகிறதோ, அங்கேதான் அளவு கிடைத்தது. டென்மார்க்கின் கணிதவியலாளர் கியார்க் ராஷ் 1960-இல் வெளியிட்ட நூலும், அமெரிக்காவின் இ.டி.எஸ். நிறுவனத்தில் ஃபிரெடரிக் லார்டு செய்த ஆய்வுகளும் இதற்குக் கணித அடித்தளம் அமைத்தன. ஒவ்வொரு கேள்விக்கும் அதன் கடினத்தை ஓர் எண்ணாக வரையறுக்கலாம். தேர்வரின் திறனையும் அதே அளவுகோலில் வைக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவர் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம்.

கணினி வந்ததும் இந்தக் கணக்கை நொடிக்குள் போட முடிந்தது. ஜி.ஆர்.இ. 1993-இல் இந்த முறைக்கு வந்தது. என்க்ளெக்ஸ் 1994-இல் மாறியது, ஜிமேட் 1997-இல். சாட் தேர்வு 2023-இல் அமெரிக்காவுக்கு வெளியிலும், 2024-இல் அமெரிக்காவிலும் கணினிக்கு மாறியபோது இதே வழியைப் பிடித்தது.

இதில் இரண்டு வகை உண்டு. என்க்ளெக்ஸ், ஜிமேட் போன்றவை கேள்விக்குக் கேள்வி மாறும். சரியாகச் செய்தால் அடுத்தது சற்றுக் கடினமாகும். தவறினால் சற்று எளிதாகும். ஜி.ஆர்.இ. தேர்வில் 2011-க்குப் பிறகும், சாட் தேர்வில் இப்போதும், பகுதிக்குப் பகுதி மாற்றம் நடக்கிறது. முதல் பகுதியை நன்றாகச் செய்தவருக்கு இரண்டாம் பகுதி முழுவதுமே கடினமாக இருக்கும். ஆக, ஜி.ஆர்.இ. எழுதும் மாணவர் ஒருவருக்கு இரண்டாவது கணிதப் பகுதியைப் பார்த்ததும் தலை சுற்றினால், அவர் முதல் பகுதியை நன்றாகச் செய்திருக்க வாய்ப்பு அதிகம். நற்செய்தியைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டு அவர் மிரளுகிறார். மிரண்டதால் சறுக்குகிறார்.

எண்ணிக்கைக்கு மதிப்பில்லாத கணக்கு

நம்மவர்களுக்கு விளங்கக் கடினமான இடம் ஒன்று உண்டு. கேள்விக்குக் கேள்வி மாறும் தேர்வில், தேர்வர் சரியாகச் செய்ய ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள கேள்வியைத்தான் கணினி தேடிக் கொடுக்கிறது. மிக எளிய கேள்வியை அவர் எப்படியும் சரியாகச் செய்வார். மிகக் கடினமானதை எப்படியும் தவறவிடுவார். இரண்டிலிருந்தும் அவரைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. தடுமாறும் விளிம்பில்தான் அளவு கிடைக்கும். ஆகவே, மிகத் திறமையானவரும் பல கேள்விகளைத் தவறவிடுவார், சுமாரானவரும் தவறவிடுவார். அவர் எந்த உயரத்தில் நின்று தவறவிட்டார் என்பதுதான் மதிப்பெண்.

வாழப்பாடிப் பக்கத்து விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். குச்சிக்கிழங்கை லாரியில் ஏற்றி சேகோ ஆலைக்குக் கொண்டுபோனால், எத்தனை கிழங்கு என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை. மாதிரி எடுத்து, தண்ணீரில் எடை பார்த்து, மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று கணக்கிடுகிறார்கள். டன்னுக்கு என்ன விலை என்பதை அந்தப் பாயிண்ட்தான் முடிவு செய்கிறது. குவியல் பெரிதாக இருந்து பாயிண்ட் குறைந்தால் விலையும் குறையும். ஆளுக்கேற்ப மாறும் தேர்வும் விடைகளின் குவியலைப் பார்ப்பதில்லை. அவற்றின் அடர்த்தியைப் பார்க்கிறது.

இதைப் புரிந்துகொண்டு அறைக்குள் போகும் பெண்ணுக்கும், புரியாமல் போகும் பெண்ணுக்கும் பாட அறிவு ஒன்றாகவே இருக்கலாம். ஆனால், நாற்பதாவது கேள்வியில் இருவர் மனநிலையும் ஒன்றாக இருக்காது. 'இதுவரை பாதி தப்பாகத்தான் போட்டிருப்பேன்' என்ற எண்ணம் முதலாமவரை அசைக்காது. அது எதிர்பார்த்ததுதான் என்று அவருக்குத் தெரியும். இரண்டாமவருக்கோ அது இடி.

நூற்றுக்கு நூறின் நிழல்

இந்த இடி எங்கிருந்து வருகிறது? நம் பள்ளிகளிலிருந்து.

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் நாம் முதலில் தேடும் எண், எந்தப் பாடத்தில் எத்தனை பேர் 'சென்டம்' என்பதுதான். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேள்வி வரும் என்று சொல்லும் 'புளூபிரிண்ட்' பல ஆண்டுகள் நம் மாணவர்களின் வேதமாக இருந்தது. நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளைத் தேடி மாநிலமெங்குமிருந்து பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த காலத்தில், பிளஸ் 1 பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் 2 பாடத்தையே திரும்பத் திரும்ப எழுத வைப்பது ஒரு முறையாகவே நிலைபெற்றது. 2017-இல் அரசு மாநில, மாவட்ட அளவிலான தரவரிசை அறிவிப்பை நிறுத்தியதும், பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததும், புளூபிரிண்டைக் கைவிட்டதும் இந்தப் போக்கைத் தடுக்கத்தான். அறிவிப்புகள் மாறின. வீட்டிலும் வகுப்பிலும் உள்ள மனப்போக்கு அந்த வேகத்தில் மாறவில்லை.

நூற்றுக்கு நூறு எடுக்கப் பழக்கப்பட்ட மனத்துக்கு, தெரியாத ஒரு கேள்வி என்பது ஒரு விபத்து. அப்படி ஒன்று வரவே கூடாது, வந்தால் எங்கோ தவறு நடந்துவிட்டது. இந்த மனத்தைத்தான், பாதிக் கேள்விகள் தெரியாதவையாகவே இருக்கும்படி வடிவமைக்கப்பட்ட தேர்வு அறைக்குள் நாம் அனுப்புகிறோம்.

இன்னொன்றும் உண்டு. தலைமுறை தலைமுறையாக நாம் சொல்லிவரும் அறிவுரை, 'தெரிஞ்சதை முதல்ல எழுது, தெரியாததைக் கடைசியில பாத்துக்கலாம்' என்பது. மூன்று மணி நேரத் தாளுக்கு அது நல்ல அறிவுரை. என்க்ளெக்ஸில் அதற்கு வேலையே இல்லை. விடை தராமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது; போன கேள்விக்குத் திரும்பவும் முடியாது. இப்போதைய ஜிமேட் தேர்வில் ஒரு பகுதியின் முடிவில் திரும்பிப் பார்த்து மூன்று விடைகள்வரை மாற்றலாம், அவ்வளவுதான். சாட் தேர்வில் அந்தந்தப் பகுதிக்குள் மட்டும் திரும்பலாம். நம் மாணவர் கையில் இருந்த பழைய ஆயுதத்தை வாங்கி வைத்துவிட்டு, புதிதாக எதையும் கொடுக்காமல் அனுப்புவது நியாயமா?

ஊகம் தின்னும் நேரம்

ஆயுதம் இல்லாத மனம் ஊகத்தில் இறங்குகிறது. 'இது ரொம்பச் சுலபமா இருக்கே, முந்தினதைத் தப்பாப் போட்டுட்டேனோ?' 'இது கஷ்டமா இருக்கே, அப்போ மேலே போறேனா?' கேள்வியைப் படிப்பதை விட்டுவிட்டுக் கணினியின் உள்ளத்தைப் படிக்க முயல்கிறது. இந்தப் பழக்கத்தை உறுதியாகக் கைவிடச் சொல்வதற்குத் திடமான காரணங்கள் இருக்கின்றன.

என்க்ளெக்ஸில் ஒவ்வொருவருக்கும் 15 கேள்விகள் மதிப்பெண்ணில் சேராதவை. வருங்காலத் தேர்வுகளுக்காக முன்னோட்டம் பார்க்கப்படும் கேள்விகள் அவை. எது அப்படிப்பட்டது என்று தேர்வருக்குத் தெரியாது. சாட் தேர்வின் ஒவ்வொரு பகுதியிலும் இப்படி இரண்டு கேள்விகள் உண்டு. 2023 ஏப்ரலில் புதிய வடிவம் பெற்ற என்க்ளெக்ஸில், ஒரே நோயாளியின் விவரத்தை ஒட்டி ஆறு கேள்விகள் கொண்ட தொகுப்புகளும் வருகின்றன. அந்தத் தொகுப்புக்குள் நம் விடைக்கேற்ப எதுவும் மாறுவதில்லை. போதாக்குறைக்கு, மருந்து, தொற்றுத் தடுப்பு, மனநலம், தாய்சேய் நலம் என எல்லாத் துறைகளிலிருந்தும் உரிய பங்கில் கேள்விகள் வர வேண்டும் என்ற கட்டுப்பாடும் கணினிக்கு உண்டு. இவ்வளவும் கலந்து வரும்போது, ஒரு கேள்வி உங்களுக்கு எளிதாகத் தெரிவது நீங்கள் அந்த வார்டில் ஆறு மாதம் வேலை பார்த்ததால்கூட இருக்கலாம். கடினமாகத் தெரிவது உங்கள் கல்லூரியில் அந்தப் பாடத்தை ஓட்டமாக நடத்தி முடித்ததால் இருக்கலாம். கேள்வியின் கனத்தை வைத்து உங்கள் நிலையைக் கணிக்க முயல்வது வீண்.

வீண் என்பதோடு நின்றுவிட்டால் பரவாயில்லை, அது இழப்பும்கூட. ஒரு கணக்கைப் போடும்போது இடைநிலை எண்களை நினைவில் வைத்திருக்க உதவும் செயல்நினைவு, அளவில் மிகச் சிறியது. 2001-இல் மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் என்ற உளவியலாளர்கள், கணிதத்தைக் கண்டு பதறுகிறவர்களின் செயல்நினைவு, கணக்குப் போடும் நேரத்தில் சுருங்குவதைக் காட்டினார்கள். கவலை என்பது மனத்தின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கணக்கு உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது. படித்த பெண் தேர்வறையில் ஒன்றுமே தெரியாதவள் போலத் திணறுவது இதனால்தான். அவளுக்குத் தெரிந்தது எங்கும் போய்விடவில்லை. அதை எடுத்து வைக்க இடம் இல்லாமல் போய்விடுகிறது.

86-ஆவது கேள்வி சொல்லும் செய்தி

85-இல் நிற்காத தேர்வுக்கு இப்போது வருவோம். என்க்ளெக்ஸில் குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150. நேரம் ஐந்து மணி. ஒருவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா என்று 95 விழுக்காடு உறுதியாகச் சொல்ல முடிந்ததும் கணினி தேர்வை நிறுத்திவிடுகிறது. அந்த உறுதி 85-ஆவது கேள்வியிலேயே கிடைக்கலாம். தெளிவாக மேலே இருப்பவருக்கும் 85-இல் நிற்கும். தெளிவாகக் கீழே இருப்பவருக்கும் 85-இல் நிற்கும். ஆக, 85-இல் நின்றால் தேர்ச்சி என்பதும் உண்மையில்லை, நிற்காவிட்டால் தோல்வி என்பதும் உண்மையில்லை.

86-ஆவது கேள்வி வருகிறது என்றால் அதற்கு ஒரே பொருள்தான். இவர் தவறிவிட்டார் என்று சொல்லப் போதுமான ஆதாரம் கணினிக்கு இன்னும் கிடைக்கவில்லை. 110-ஆவது கேள்வி வந்தாலும் அப்படித்தான், 140-ஆவது வந்தாலும் அப்படித்தான். தோல்வி உறுதியாகியிருந்தால் தேர்வு நின்றிருக்கும். அடுத்த கேள்வி என்பது, உங்கள் விடைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்ற அறிவிப்பு. உற்சாகத்தோடு எதிர்கொள்ள வேண்டிய அந்தக் கேள்வியைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் மனம் ஒடிகிறார்கள்.

இதன் விலை சிறியதும் அல்ல. என்க்ளெக்ஸ் பதிவுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்குக் கூடுதலாக 150 டாலர். ஒரு முறை தவறினால் மறுபடி எழுதக் குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ கட்டணம் கட்டும் குடும்பத்துக்கு, பாடம் தெரியாமல் தோற்பது ஒரு துயரம். பாடம் தெரிந்தும், தேர்வின் இயல்பு தெரியாததால் தோற்பது அதைவிடப் பெரிய துயரம். முன்னதைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும். பின்னதைச் சரிசெய்ய ஒரு நல்ல ஆசிரியரும் சில வாரப் பழக்கமும் போதும்.

உள்ளூர்த் தேர்வுகளுக்கும் இதே பாடம்

'வெளிநாடு போகிறவர்கள் பிரச்சினை, நமக்கென்ன' என்று நினைக்க வேண்டாம். நீட், ஜே.இ.இ., டி.என்.பி.எஸ்.சி. ஆகியவை ஆளுக்கேற்ப மாறுவதில்லை. ஆனால், ஆண்டுக்கு ஆண்டு அவற்றின் கடினம் மாறுகிறது. மனம் உடையும் விதம் அங்கும் அதேதான்.

2025 மே 4-இல் நடந்த நீட் தேர்வில் இயற்பியல் பகுதி மாணவர்களை மிரள வைத்தது. முந்தைய ஆண்டு முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720-க்கு 720 எடுத்திருந்தார்கள். 2025-இல் நாட்டிலேயே அதிக மதிப்பெண் 686. பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 162-இலிருந்து 144-ஆக இறங்கியது. கேள்வி கடினமானால் எல்லோருக்கும் கடினம். கோடும் சேர்ந்தே இறங்கும். அறைக்குள் இருந்த மாணவருக்கு இது நினைவில் இருந்திருந்தால், இயற்பியலில் இழந்த தைரியத்தை உயிரியலிலும் இழந்திருக்க வேண்டியதில்லை.

ஜே.இ.இ. அட்வான்ஸ்டு இன்னும் தெளிவான உதாரணம். பொதுத் தரவரிசைப் பட்டியலில் இடம்பெறத் தேவைப்பட்ட குறைந்தபட்ச மதிப்பெண் 2024-இல் 360-க்கு 109. 2025-இல் அது 74. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மதிப்பெண்ணை விட்டவரும் பட்டியலில் இருக்கிறார். அதே 2025-இல், கல்வராயன் மலையில் உள்ள கருமந்துறையின் அரசுப் பழங்குடியினர் உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் அந்தத் தேர்வில் வென்று ஐ.ஐ.டி. மெட்ராஸில் இடம் பிடித்தார். வாழப்பாடியிலிருந்து மலையேறினால் வரும் ஊர் அது. பெரும்பாலானவர்கள் பெரும்பாலான கேள்விகளைத் தவறவிடும் ஒரு தாளில், தனக்கு வரும் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்வது மலையூர்ப் பிள்ளைக்கும் கைகூடும் என்பதற்கு அவர் சாட்சி.

2025 ஜூலை 12-இல் நடந்த குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதி எதிர்பாராத அளவு கடினமாக இருந்ததாகத் தேர்வர்கள் குறை சொன்னார்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே கேள்வி வந்தால் தேர்வாணையத்திடம் முறையிடுவது தேர்வரின் உரிமை. அதை வெளியே வந்த பிறகு செய்ய வேண்டும். அறைக்குள் 200 கேள்விகளும் மூன்று மணி நேரமும் இருக்கும்போது மனத்துக்குள் நடத்தும் போராட்டத்தால் குறைவது அவர் மதிப்பெண் மட்டுமே.

இது மதிப்பெண்ணோடு முடியும் விஷயமும் அல்ல. 2021 செப்டம்பர் 12, நீட் தேர்வு நாளன்று, இதே சேலம் மாவட்டம் ஒரு மாணவரை இழந்தது. ஒரு தேர்வை முழு வாழ்வின் தீர்ப்பாகப் பிள்ளைகள் மனத்தில் ஏற்றுவது எவ்வளவு கொடியது என்பதை நாம் அதிக விலை கொடுத்து அறிந்திருக்கிறோம். மனம் தாங்காத நிலையில் இருக்கும் எந்த மாணவரும் 104 அல்லது 14416 என்ற எண்ணில் பேசலாம்; பேச வேண்டும். வீட்டில் உள்ளவர்களும் அந்த எண்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பழக்கத்தில் வரும் நிதானம்

தேர்வறையில் நிதானம் என்பது பிறவிக் குணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பயிற்சியால் வருவது. எப்படிப்பட்ட பயிற்சி என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். கன வடிவங்களின் கொள்ளளவு காணும் கணக்குகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வகைக் கணக்கையும் தனித்தனியாக, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைப் பயின்றது. இன்னொரு குழுவுக்கு எல்லா வகையும் கலந்து வந்தன. பயிற்சியின்போது தனித்தனியாகச் செய்தவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் நிலைமை தலைகீழானது. தனித்தனியாகப் பயின்றவர்கள் 20 விழுக்காடு, கலந்து பயின்றவர்கள் 63 விழுக்காடு. பயிற்சியில் தவறுகள் அதிகம் வந்த முறைதான் தேர்வில் கைகொடுத்தது.

நம் பயிற்சி முறை பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. இன்று ஒரு பாடம், நாளை அதில் தேர்வு, மறுநாள் அடுத்த பாடம். பிள்ளை தினமும் தொண்ணூறு எடுக்கிறது, வீடு மகிழ்கிறது. எளிதும் கடினமும் முன்னறிவிப்பில்லாமல் மாறி மாறி வரும்போது என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

ஆளுக்கேற்ப மாறும் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் சில வழக்கங்களை முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்ளலாம். கலவையான கேள்விகளை, திரையில், திரும்பிப் பார்க்க அனுமதிக்காமல் பயில்வது முதலாவது. ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் என்று முன்பே வரையறுத்துக்கொண்டு, அந்த நேரம் தாண்டினால் பொருந்தாத விடைகளை நீக்கிவிட்டு மிஞ்சியதில் சிறந்ததைத் தேர்ந்து நகர்வது இரண்டாவது. சாட் தேர்வின் ஒரு கணிதப் பகுதியில் 22 கேள்விக்கு 35 நிமிடம். ஜிமேட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் 45 நிமிடம். ஒரு கடினமான கேள்வியில் ஐந்து நிமிடம் பிடிவாதம் பிடித்தால், அதற்குப் பின் வரும் இரண்டு மூன்று கேள்விகளின் நேரம் போய்விடும். ஜிமேட்டில் விடையளிக்காமல் விட்ட கேள்விகள் மதிப்பெண்ணைக் குறைக்கும்; என்க்ளெக்ஸில் குறைந்தபட்சக் கேள்விகளை முடிக்காமல் நேரம் தீர்ந்தால் தோல்விதான்.

மூன்றாவது, விடையை அழுத்திய பின் ஒரு மூச்சு. கண்ணைத் திரையிலிருந்து எடுத்து, மெதுவாக மூச்சை வெளியே விட்டு, அடுத்த கேள்வியை முதல் கேள்வி போலப் படிப்பது. சிறிய செயல்தான், ஆனால் பயிற்சித் தேர்வுகளில் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் செய்து பழகியிருந்தால்தான் தேர்வு நாளில் தானாக வரும். நான்காவது, கொடுக்கப்படும் இடைவேளையை எடுத்துக்கொள்வது. என்க்ளெக்ஸில் இரண்டு மணி நேரம் கழித்தும், மூன்றரை மணி நேரம் கழித்தும் இடைவேளை எடுக்கலாம். அந்த நேரமும் ஐந்து மணிக் கணக்கில் சேரும் என்பதால் பலர் எடுப்பதில்லை. களைத்த மூளையோடு பத்துக் கேள்விகளைத் தவறவிடுவதைவிட, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருவது மேல்.

செவிலியர்களுக்கு ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தத் திறன் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சேலம் அரசு மருத்துவமனை போன்ற ஓர் இடத்தின் அவசரப் பிரிவில் பணி பார்த்தவருக்கு, அடுத்து வரும் நோயாளி காய்ச்சலோடு வருவாரா, விபத்தில் சிக்கி வருவாரா என்று தெரியாது. கடினமான ஒருவர் வந்ததால் தான் தோற்றுவிட்டதாக எந்தச் செவிலியரும் எண்ணுவதில்லை. முந்தையவருக்கு முடிந்ததைச் செய்துவிட்டு, வந்தவரின் நாடியைப் பிடிக்கிறார். வார்டில் உள்ள அந்த மனத்தையே தேர்வறைக்கும் கொண்டுபோனால் போதும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

எல்லாப் பொறுப்பையும் மாணவர் தலையில் வைப்பது அநீதி. நகரத்துப் பிள்ளை பெருந்தொகை கட்டிப் பயிற்சி மையத்தில் இந்த நுணுக்கங்களைக் கற்றுக்கொள்கிறது. வாழப்பாடி, பேளூர், கருமந்துறைப் பிள்ளை தேர்வறையில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறது. இந்த இடைவெளியை அரசும் பள்ளிகளும் அடைக்க வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்குச் செவிலியர்களை அனுப்ப, 1978 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. செவிலியர்களுக்கு மொழிப் பயிற்சி அளிப்பதில் அதற்கு அனுபவம் உண்டு. அதனோடு, ஆளுக்கேற்ப மாறும் தேர்வுக்கான பயிற்சியையும் மாவட்ட அளவில் தர வேண்டும். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரிகளைச் சென்றடைந்திருக்கிறது. நர்சிங், பொறியியல் இறுதியாண்டு மாணவர்களுக்கு இந்தத் தேர்வுகளின் இயல்பை விளக்கும் ஒரு சிறு பாடத்தை அதில் சேர்ப்பது பெரிய செலவு அல்ல. அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் கணினியும் இணையமும் இருக்கின்றன. பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்கள் மாதம் ஒரு முறையாவது திரையில், கலவையான கேள்விகளுக்கு, திரும்பிப் போகாமல் விடையளித்துப் பழக அந்த அறைகளைத் திறந்துவிடலாம்.

கணினி இல்லாமலும் செய்யலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று கட்டாகக் கேள்வி அட்டைகளை ஓர் ஆசிரியர் தயாரிக்க முடியும். மாணவர் சரியாகச் சொன்னால் மேல் கட்டிலிருந்து அடுத்தது. தவறினால் கீழ்க் கட்டிலிருந்து. பத்து நிமிட விளையாட்டு. முடிவில் எத்தனை சரி என்று எண்ணாமல், எந்தக் கட்டில் நின்று முடித்தாய் என்று கேட்க வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே இதை விளையாடிய பிள்ளைக்கு, தெரியாத கேள்வி ஒரு விபத்தாகத் தோன்றாது. மேல் கட்டுக்குப் போனதற்கான அடையாளமாகத் தோன்றும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வு எழுதிவிட்டு வரும் பிள்ளையிடம் வாசலிலேயே 'எத்தனை கரெக்டு?' என்று கேட்பதை நிறுத்துங்கள். ஆளுக்கேற்ப மாறும் தேர்வில் அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. மற்றத் தேர்வுகளிலும் அதனால் பயன் இல்லை. சாப்பிட வையுங்கள், தூங்க விடுங்கள்.

நம் கல்வி இதுவரை சரியான விடைகளை எண்ணி வந்திருக்கிறது. ஒரு தவறுக்குப் பிறகு பிள்ளை அடுத்த கேள்வியை எப்படி அணுகியது என்பதை அது ஒருநாளும் கவனித்ததில்லை; கவனிக்காததை அது கற்றுத்தரவும் இல்லை. அதைக் கவனித்துப் பாராட்டும் ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவராவது வேண்டும். அப்படி ஒருவரிடம் படித்த பெண், சென்னையிலோ பெங்களூருவிலோ உள்ள தேர்வு மையத்தில் 86-ஆவது கேள்வியைக் காணும்போது, அது தனக்குக் கிடைத்த இன்னொரு வாய்ப்பு என்று அறிந்து நிமிர்ந்து உட்காருவாள். அந்த நிமிர்வைக் கற்றுக்கொடுப்பது நம் கடமை. இந்தக் கல்வியாண்டிலேயே அதைத் தொடங்கலாம்.